மருந்து அறையில் இல்லாத பூட்டு

அந்தப் படத்தை நான் திட்டித்தான் எழுதியிருந்தேன். சிங்கப்பூரில் ஒரு தமிழ் வார இதழில் சினிமா விமர்சனம் எழுதிப் பிழைக்கும் எனக்கு வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது புதிதல்ல. இந்த முறை வசவு கொஞ்சம் தூக்கல்.

கதை இதுதான். பட்டாசு ஆலை முதலாளியின் மகன், கச்சேரியில் பாடும் ஒரு பெண்ணின் குரலில் கிறங்கிப்போய், அவளைத் தூக்கிவந்து ஆலையில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் அடைத்துவைக்கிறான். அவள் உள்ளே பாடுகிறாள். அவன் வெளியே உட்கார்ந்து கேட்கிறான். கடைசியில் மனம் கரைந்து அவன் கதவைத் திறந்துவிட்டால், அவள் போகமாட்டேன் என்று நிற்கிறாள். இதற்குப் பெயர் காதலாம்! சென்னை விமர்சகர்கள் கவிதை என்றார்கள். பூட்டு ஒரு குறியீடு என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். வெளிநாட்டு விழா ஒன்றில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கிளிக்கூண்டு வைத்திருப்பவனெல்லாம் காதலன் என்றால் எங்கள் பேட்டையில் காதலர்களுக்குப் பஞ்சமே இல்லை என்று நான் எழுதினேன். அதற்குத்தான் அத்தனை வசவும்.

"கதை நடக்கும் ஊரிலேயே படத்தைக் கொண்டாடுகிறார்களாம் அக்கா. நீங்களே போய்ப் பார்த்து எழுதுங்களேன்" என்றார் ஆசிரியர். அந்தப் பிள்ளைக்கு என் வயதில் பாதி. வீம்புக்குக் கிளம்பினேன்.

விருதுநகரில் நான் தங்கியது ஜமீலா வீட்டில். கல்யாணமான புதிதில் அவள் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரி. கணவர் ஊரோடு வந்து மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரத்தில் இறங்கிவிட, அவளும் திரும்பிவிட்டாள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் எனக்குத் தும்மல் பிடித்தது. கடைத்தெரு முழுக்க வத்தல் நெடி. சிறுபிள்ளைகள் அதற்குள் ஓடி விளையாடுகிறார்கள். யாரும் தும்மவில்லை.

"ரெண்டு நாள்ல பழகிரும்" என்றாள் ஜமீலா. "எதுவும் பழகிரும் இந்த ஊர்ல."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய்ப் பரோட்டா வாங்கிவரச் சொன்னாள். எண்ணெயில் முக்கிப் பொரித்து, கடித்தால் நொறுங்குகிற பரோட்டா. சால்னாவை மேலே ஊற்றிப் பிசைந்து தின்ன வேண்டும். எங்கள் ஊர் உணவங்காடிப் பரோட்டாவை இதன் முன்னால் வைத்தால் வெட்கத்தில் சுருண்டுகொள்ளும். மருத்துவர் சொன்ன கொழுப்பையெல்லாம் மறந்து நாலு தின்றேன்.

மறுநாள் ஞாயிறு. பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை என்பதால் சிவகாசித் தியேட்டரில் கூட்டம் இருக்கும் என்றார்கள். ஜமீலாவும் நானும் பஸ் ஏறினோம். பாதி வழியில் டயர் வெடித்தது. எங்கள் ஊரில் பேருந்து கொஞ்சம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே ஓட்டுநர் இறங்கி டயரை ஓர் உதை உதைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். ஆடிக் காற்று மண்ணை வாரி எங்கள் மேல் இறைத்தது. ரோட்டோரம் நின்ற பெண்கள் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டெல்லாம் நல்லாருக்காம்லா?"

"பாட்டு கெடக்கட்டும். நம்ம ஆனக்குட்டம் பக்கம் எடுத்திருக்காகளாம். எங்க கம்பெனி தெரியுதான்னு பாக்கணும்."

அடுத்த பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறி, படம் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் அரை மணி நேரம் ஒரே விசில். கம்பெனி தெரிந்தது, கைதட்டினார்கள். தெரிந்த வேப்பமரம் வந்தது, அதற்கும் கைதட்டினார்கள். பிறகு அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் அவளை மருந்து அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, பூட்டைப் போடுகிறான். பின்னணியில் வயலின் உருகுகிறது. சிங்கப்பூர்த் தியேட்டரில் இந்த இடத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இங்கே தியேட்டரே எழுந்து கத்தியது.

"ஏலே! கதவத் தெறலே!"

"உள்ள ஆளு இருக்கு! எவம்லே அது பூட்டுதது?"

"ஏட்டி, கொலுசக் களத்துட்டி மொதல்ல!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்தான் சொன்னாள். மருந்து கலக்கும் அறை சின்னதாக, எதிரும் புதிருமாகக் கதவு வைத்துத்தான் இருக்குமாம். உள்ளே ஆள் இருக்கும்போது எந்தக் கதவையும் சாத்தவே கூடாதாம். தீ பிடித்தால் ஓடுவதற்கு இமைக்கும் நேரம்தான். கொலுசு, வளையல், இரும்பு எதுவும் உரசக் கூடாது. "எங்க வீட்டுக்காரரு கதவு தெறந்து கெடந்ததாலதான் இன்னைக்கு உசுரோட இருக்காரு. அந்தக் கதவப் போயி பூட்டுதானே, பாவி" என்றாள்.  

சரி, இந்த ஊர் என் கட்சி என்று உள்ளுக்குள் கொண்டாடினேன். படம் முடியும்வரைதான் அந்தக் கொண்டாட்டம். கதவு திறந்ததும் அவள் போகாமல் நின்று அவன் நெஞ்சில் சாய்ந்தாளே, அப்போது கிளம்பிய விசிலில் காது அடைத்துப்போனது. பக்கத்துப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். அறையைப் பூட்டியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பெண்ணைப் பூட்டியது பொறுத்துப்போயிற்று. 

"இதுக்குப் போயி மொகத்த இப்புடி வச்சுக்கிட்டா எப்புடி?" என்று ஜமீலா கேலி செய்தாள். வெளியே வந்து ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். படப்பிடிப்பின்போது ஆலையில் கூடவே இருந்த போர்மேன் ஒருவரைத் தெரியும் என்றாள். பெயர் செல்லையா. ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். சொந்தமாகக் கரிசல் காடு உண்டு. அதில் விளையும் வத்தல் இவள் கணவர் கடைக்குத்தான் வரும். அண்ணாச்சி ரொம்ப நல்ல மனுசன் என்றும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மழை மூட்டம் போட்டு ஆலைக்கு வேலையில்லை. செல்லையா அண்ணாச்சி மதியச் சாப்பாட்டுக்கே வரச் சொல்லிவிட்டார். வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, ஒரு கையில் பழைய தீக்காயத் தழும்பு.

"வாங்க மேடம், வாங்க. சிங்கப்பூர்லருந்து எம்புட்டு தூரம் வந்திருக்கீக! மொதல்ல சாப்பிடுங்க. பேச்சு எங்க ஓடிரப் போகுது?"

நாட்டுக்கோழிக் குழம்பும் ரசமும். அவர் மனைவி பேச்சியம்மாள் பரிமாறினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சிதான் இலையைப் பார்த்துப் பார்த்துக் "கோளி வைய்யி, சோறு போடு" என்று உபசரித்தார். படத்தைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"டைரக்டர்ட்ட தலப்பாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். தம்பி, மருந்து ரூமப் பூட்டுற மாதிரி எடுக்காதீக, ஊரு சிரிக்கும்னேன். அது குறியீடுன்னாரு. என்ன எளவு குறியீடோ. இம்புட்டு வருசத்துல உள்ள ஆளு இருக்கையில ஒரு கதவ நான் சாத்த விட்டதில்ல. காத்து சாத்துனாக்கூடக் கல்லு முட்டுக் கொடுத்துட்டுத்தான் நகருவேன்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஊரெல்லாம் கவிதை கவிதை என்று உருகியபோது, ஒரு மனிதராவது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாரே என்று மனம் குளிர்ந்தது. அப்போது பேச்சியம்மாள் ஒரு தட்டில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். சற்று நேரத்தில் மேலே பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ஜமீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாடியில் யார் அண்ணாச்சி?"

"எம் மக. தங்கமாரி." அவர் மறைக்கவே இல்லை. "பாட்டுக் குழுவுல பாடிட்டிருந்தா. கோயில் கொடை விழாவுல நல்லாத்தான் பாடுவா. கீபோர்டு வாசிக்குத பய ஒருத்தன்கூடப் பேச்சு வார்த்தையின்னு காதுக்கு வந்துச்சு. அவுக வேற, நாங்க வேற. பங்குனியிலருந்து வீட்டோட வச்சிருக்கேன். ஆவணி பொறந்ததும் பரிசம். மாப்பிள்ள சாத்தூரு."

"வீட்டோடா, பூட்டியா?"

"கொஞ்சம் கண்டிப்பு வேணும்லா. அந்தப் படத்துக்குக்கூட நானே கூட்டிட்டுப் போனேன். கடேசில பாத்தீகளா? மொதல்ல மொரண்டு பிடிச்ச புள்ள, எப்புடிப் புரிஞ்சுக்கிட்டா! பேப்பர்லயும் அதத்தான் நல்லா எழுதியிருந்தாக. இவளும் புரிஞ்சுக்கிடுவா."

 விருந்துக்குப் போன வீட்டில் வாயடக்கம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

"உள்ளே ஆள் இருந்தால் காற்றைக்கூடக் கதவு சாத்த விடாத மனிதர் நீங்கள். இந்தக் கதவுக்கு உள்ளே இருப்பது யார் அண்ணாச்சி? ஆள் இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. செம்பிலிருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றினார். "அங்கன வெடிச்சா ஒரு ஆளு போகும் மேடம். இங்கன வெடிச்சாக் குடும்பமே போயிரும்" என்றார். தம்ளர் நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்; தண்ணீர் இலையில் வழிந்தது. அவரை அரக்கன் என்று நினைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று உண்மையிலேயே நம்பினார். பேச்சியம்மாள் பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். கட்டில், மின்விசிறி, கம்பி போட்ட ஜன்னல். தங்கமாரிக்கு இருபத்திரண்டு வயது, பி.காம் முடித்தவள். தட்டு அப்படியே இருந்தது.

"படம் எப்படியிருந்தது?" என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்புட்டு நாள் உள்ள இருக்காளேக்கா, ஒரு தடவயாவது கக்கூசுக்குப் போனாளா? கதவு தொறக்க மாட்டாகளான்னு அடக்கிக்கிட்டுக் கெடந்தாளா? பாட்டாப் பாடுதா. பூட்டுனா பாட்டு வராதுக்கா. நானும் பாடிப் பாத்தேன். தொண்டைக்குள்ள என்னமோ அடச்சுக்கிடுது."

எத்தனையோ விமர்சனம் படித்தாகிவிட்டது, எழுதியாகிவிட்டது. இதை எவரும் எழுதவில்லை, நான் உட்பட.

"அந்தப் பையன்?"

"ஊர விட்டு அடிச்சுப் பத்திட்டாக. திருப்பூர்ல இருக்கானாம். வருவானா மாட்டானா, தெரியல. வராட்டாலும் பரவால்ல. எனக்குப் பரிசம் வேண்டாம். நாலு பேரு முன்னால நின்னு பாடணும். அம்புட்டுத்தான்." குரலைத் தாழ்த்தினாள். "என்னய வெளிய கூட்டிட்டுப் போவீகளாக்கா?"

சுற்றுலா விசாவில் வந்தவள் நான். அடுத்த வீட்டு விவகாரம், அடுத்த நாட்டு விவகாரம். திரும்பி வாசலைப் பார்த்தேன். பேச்சியம்மாள் முந்தானையில் சாவியை முடிந்தபடி, முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"வெள்ளிக்கெளம இருக்கன்குடிக்குப் போறோம். பரிசத்துக்கு முன்னாடி மாரியாத்தாளுக்கு மாவெளக்கு எடுக்கணும். ஆடி வெள்ளி. கூட்டம் கண்ணு தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். நானும் வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். திரும்பும் வழியில் ஜமீலாவும் நானும் நன்றாகச் சண்டை போட்டோம். போலீசுக்குப் போகலாம் என்றேன். "போனா, அண்ணாச்சியக் கூப்பிட்டு நல்ல புத்தி சொல்லி, புள்ளைய அவரு கையிலயே பிடிச்சுக் கொடுத்துருவாக. நீ பிளைட் ஏறிருவ. அப்புறம் அவ கதி?" என்றாள். வீடு வந்து சேர்ந்தோம். பிறகு அவளாகவே, தன் மகள் மதுரையில் படித்தபோது தங்கியிருந்த மகளிர் விடுதியின் வார்டனுக்குப் போன் போட்டு ஓர் இடம் கேட்டாள். "மச்சானுக்குத் தெரியக் கூடாது. வத்தல் வரத்து நின்னா நிக்கட்டும்" என்று கணவரைச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் எள் போட்டால் எண்ணெய் ஆகும் கூட்டம். ஆற்று மணலில் பொங்கல் பானைகள் கொதித்தன. அக்கினிச்சட்டிப் புகை, ஒலிபெருக்கி, ஆட்டுக் கிடாய்களின் கதறல், மொட்டை போட்ட பிள்ளைகளின் அழுகை. அண்ணாச்சி வரவில்லை. ஆலையில் தீபாவளி சீசன் லோடு ஏற்ற வேண்டியிருந்ததாம். சிங்கப்பூர் மேடம் கூடப் போவதால் தைரியமாக அனுப்பிவைத்தேன் என்று எனக்குப் போனிலேயே சொன்னார். அந்த நம்பிக்கையைத்தான் நான் உடைக்கப் போனேன்.

பேச்சியம்மாள் மாவிளக்கை முடித்தார். மகள் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து, ஜமீலா காரோடு காத்திருக்கும் இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். நானும் தட்டுத் தடுமாறி அவர்கள் பின்னால் ஓடினேன். கார்க் கதவை அவரே திறந்தார்.

"ஏறு."

"நீயும் வாம்மா" என்று அழுதாள் தங்கமாரி.

"நானும் வந்துட்டா அந்த மனுசனுக்கு ஆரு சோறு போடுவா? மாடு வேற கெடக்கு. கூட்டத்துல தவறிட்டான்னு சொல்லிக்கிடுதேன். ஏறுடி, ஆளுக பாக்காக."

நானும் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க புள்ளையப் பாத்துக்கிடுங்க. என்னய என்ன செஞ்சிரப் போறாரு?" என்றார். கார் நகர்ந்ததும் திரும்பிக் கோயில் பக்கமே நடந்து கூட்டத்துக்குள் போய்விட்டார்.

நேரே மதுரைக்குப் போனோம். விடுதியில் தங்கமாரி, அறைக் கதவைச் சாத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, திறந்த கதவுக்கு நேரே பாய் விரித்துப் படுத்தாள். மறுநாள் அவளும் நானும் கடைத்தெருவில் நடந்தோம். செருப்பு வாங்கினாள், ஜிகர்தண்டா குடித்தாள். தெருவைக் கடக்கும்போதெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பாட்டு பாடேன் என்றேன். இரண்டு வரி பாடி இருமினாள். "வரும்க்கா, கொஞ்ச நாளாகும்" என்று சிரித்தாள். அன்று மாலை நான் விமானம் ஏறினேன்.

எங்கள் அடுக்குமாடியில் பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அங்கே உட்கார்ந்து கட்டுரையை எழுதினேன். தியேட்டரில் கத்தியதையும் கைதட்டியதையும் எழுதினேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆசிரியர் படித்துவிட்டு, "கடைசியில் மக்களுக்குப் படம் பிடித்திருக்கிறதே அக்கா, அதைத் தலைப்பாக வைத்துவிடலாமா?" என்று கேட்டார். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

ஜமீலா அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் முறை, அண்ணாச்சி கடைக்கு வந்து வத்தலை இறக்கிவிட்டு, "ஒங்க சிங்கப்பூர் பிரண்டு சொகமாப் போய்ச் சேந்தாகளா?" என்று அவள் கணவரிடம் மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனாராம். இரண்டாம் முறை, பேச்சியம்மாளை ஊருக்குள் யாருமே பார்க்கவில்லை என்றாள். அண்ணாச்சியே மாடு கறக்கிறாராம்.  உடனே போலீசுக்குப் போவோம், இந்த முறை எவன் தடுத்தாலும் கேட்கமாட்டேன் என்று கத்தினேன். தங்கமாரியிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று ஜமீலாவிடம் சத்தியம் வாங்கினேன்.

ஆனால் தங்கமாரி அதற்குள் அம்மாவின் நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்தது அப்பா. திட்டவில்லை, மிரட்டவில்லை. "அம்மா மாடியில இருக்கா. நீ வந்தாக் கீள எறங்குவா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வார்டன் எவ்வளவோ தடுத்தும், காலை பஸ்ஸில் தனியாகவே கிளம்பிப் போய்விட்டாள். இதையெல்லாம் அவளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். குரல் நிதானமாக இருந்தது.

"அம்மா கீள வந்துட்டாகக்கா. கொஞ்சம் மெலிஞ்சிருக்காக. அப்பாவே காப்பி போட்டுக் கொடுத்தாரு."

"நீ?"

"புதன்கெளம பரிசம். சேல எடுத்தாச்சு."

 ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "உன்னை மறுபடி பூட்டி வைத்திருக்கிறாரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பூட்டு போடல" என்றாள் தங்கமாரி. "இனிமே எதுக்கு?"